பெட்டிக்குள் ஒரு தொண்டைமானாறு

என் பெருமையை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். பிறகு நீங்கள் குறுக்கே கேட்கக் கூடாது. வலிகாமத்தில் நான் ஏறாத கம்பம் இல்லை. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. காங்கேசன்துறையில் இருந்த எங்கள் வீடு இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட, சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைக் கொட்டிலின் ஓரத்தில் இருந்துகொண்டு றேடியோ திருத்தினேன். பிறகு டிஷ் அன்ரெனா, பிறகு கேபிள், பிறகு இன்ரநெற் கடை, கடைசியாக இந்த அலுவலகம். நீங்களெல்லாம் விண்ணப்பம் போட்டு, நேர்முகத்தில் வியர்த்து உள்ளே வந்தவர்கள். என்னை வீடு தேடி வந்து கேட்டார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை, இருந்தாலும் அப்படிச் சொன்னேன்.

இப்போது ஓய்வு. புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் பொறுப்பாளர் கீர்த்தனன் கேட்டார். கணினிக்குக் கட்டளை எழுதுகிற முறைகளை அவரிடமே படியுங்கள். என்னிடம் கேட்க வேண்டியது வேறு.

நாம் செய்கிற மென்பொருளின் வேலை என்ன? ஓர் இணையத்தளம் திறக்கவில்லை என்றால், அது பழுதா, யாரோ மறித்திருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பது. இந்த நாட்டில் சமூக வலைத்தளங்களை மறித்த நாட்களை நீங்களும் கண்டவர்கள். எது பழுது, எது மறிப்பு என்று தெரியாமல் ஊர் முழுக்க போனை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குழப்பத்துக்குப் பதில் சொல்வதுதான் நம்முடைய தொழில்.

ஆனால் நம்முடைய மென்பொருள் சரியாகச் சொல்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? 'ஐயா, எங்களுக்காக ஒருக்கால் மறித்துக் காட்டுங்கள்' என்று ஓர் அரசாங்கத்திடம் கேட்க முடியுமா? மறித்திருக்கிற நாட்டில் இருக்கிற ஒருவரை வைத்துச் சோதித்தால், ஏதாவது பிழையாகப் போனால் பிடிபடுவது அவர்தான். 'அப்படியென்றால் ஒரு கணினிப் பெட்டிக்குள்ளேயே ஒரு நாட்டைக் கட்டுவோம்' என்று முதலில் வாய் திறந்தவன் நான். கட்டியது பிள்ளைகள், அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே வீடுகள், தெருக்கள், இணையச் சேவை கொடுக்கிற கம்பனி எல்லாம் உண்டு. ஒன்றுக்கும் கம்பி கிடையாது. அந்த நாட்டில் நாமே மறிப்புக்காரரை நிறுத்தினோம். அவர்களுக்குப் பெயர் வைத்ததும் நான்தான். தளத்தின் பெயரைச் சொல்லி முகவரி கேட்டால் பிழையான முகவரி சொல்கிறவன் பொய்யன். கதைத்துக்கொண்டிருக்கும்போது இணைப்பை அறுக்கிறவன் வெட்டுவான். ஒன்றுமே சொல்லாமல் இருப்பவன் ஊமையன். இன்றைக்கும் உங்கள் திரையில் அந்தப் பெயர்கள்தான் ஓடுகின்றன. இப்போது தெரிந்துகொள்ளுங்கள், யார் வைத்தது என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது எங்களோடு மதுரா வேலை செய்தாள். பெட்டிக்குள் நாடு கட்டுவதில் அவள் கைதான் கை. தொண்டைமானாற்றுப் பிள்ளை. அவளுடைய தகப்பன் கடலுக்குப் போய் வந்த மனிதர். முழங்கால் ஏலாமல் போனதும் கரையேறி, ஊருக்குக் கேபிள் டிவி கொடுத்து, பிறகு அதே கம்பியில் இணையமும் கொடுத்தார். பெயர் எழுதமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அவரும் நானும் ஒரே ஏணியில் மேலும் கீழுமாக நின்று கம்பி இழுத்த ஆட்கள். அதனால் அவள் எனக்கு மருமகள் முறை. அலுவலகத்தில் எல்லோருக்கும் நான் அண்ணை, அவளுக்கு மட்டும் மாமா.

ஒருநாள் காலையில் கீர்த்தனன் திரையைப் பார்த்தபடி கூப்பிட்டார்.

"அண்ணை, எங்கடை பக்கத்திலையே ஒரு சிவப்பு விழுந்திருக்கு."

சிவப்பு என்றால் மறிப்பு. வெளிநாட்டில் எங்களோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள் அன்று பின்னேரம் ஓர் அறிக்கை வெளியிட இருந்தார்கள்: உலகத்தில் எந்தெந்த இணையச் சேவை எந்தெந்தத் தளத்தை மறிக்கிறது என்று. அதில் புதிதாக ஒரு வரி. தொண்டைமானாற்றில் ஒரு சிறிய சேவை. அந்த ஊர் ஆசிரியர் ஒருவர் விரும்பித் தன் வீட்டில் வைத்திருந்த எங்கள் சின்னக் கருவி நாள்தோறும் சோதித்து அனுப்பிய முடிவு. மறித்ததாக விழுந்த தளங்களில் ஒரு செய்தித் தளம் இருந்தது, காணாமற்போனவர்களைப் பற்றி எழுதுகிற ஒரு தளமும் இருந்தது.

மதுரா எழுந்து வந்து பார்த்தாள். சேவையின் பெயரை வாசித்தாள்.

"இது என்ரை அப்பான்ரை," என்றாள்.

கீர்த்தனன் கதிரையை அவள் பக்கம் திருப்பினார்.

"கீர்த்தி அண்ணா, என்னை உந்த வேலையிலை இருந்து விலத்துங்கோ. நான் தொட்டால் சரியில்லை." சொல்லிக்கொண்டே போனைக் கையில் எடுத்துவிட்டாள். "ஒருக்கா அப்பாவைக் கேக்கிறன்."

"எடுக்காதை பிள்ளை," என்றேன்.

"ஏன் மாமா?"

"நீ கேட்டால் அந்த மனுசன் பயந்துபோய் எதையாவது மாத்திப்போடும். பிறகு முந்தி என்ன இருந்ததெண்டு ஒருதருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. சீவியம் முழுக்க யோசிச்சுக்கொண்டிருப்பாய்."

அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு என் கதிரைக்குக் கிட்ட வந்து, கீர்த்தனனுக்குக் கேட்காத குரலில் கதைத்தாள்.

"மாமா, ஆரும் வந்து வெருட்டியிருப்பினமோ? உந்தத் தளத்தை மறி எண்டு சொல்ல, அப்பா ஓமெண்டு தலையாட்டியிருப்பாரோ?"

அப்படி ஒரு மனிதர் இல்லை அவர் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் இந்த மண்ணில் தலையாட்டாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்? நான் ஆட்டியிருக்கிறேன். நல்ல மனிதன் என்பதை வைத்துக்கொண்டு அளவெடுக்க முடியாது. அவள் பயந்தது அறிக்கைக்கு அல்ல. தன் தகப்பன் யார் என்று பின்னேரத்துக்குள் தெரிந்துவிடும் என்பதற்கு.

"தெரியேல்லை பிள்ளை. பாப்பம்," என்றேன்.

அவளை விலத்தவும் ஏலாது. அவளைப் போல் கட்ட வேறு ஆள் இல்லை. அதனால் வேலையைப் பிரித்தேன். அவளும் நானும் பெட்டிக்குள் அவளுடைய தகப்பனின் வலையைக் கட்டுவது. கீர்த்தனன் தனியே இருந்து மென்பொருளை ஓட்டி முடிவை வாசிப்பது. கட்டுகிறவர் தீர்ப்பு எழுதக் கூடாது, தீர்ப்பு எழுதுகிறவர் கட்டக் கூடாது. பிள்ளைகளே, உறவுக்காரர் சம்பந்தப்பட்டால் விலகிப் போவது ஒரு வழி. விலக முடியாத இடத்தில் இப்படி ஒரு வழி உண்டு.

தொண்டைமானாற்றைக் கட்டினோம். எந்தக் கம்பத்தில் எந்தப் பெட்டி தொங்குகிறது, கடற்கரை வீடுகளுக்கு எங்கே கம்பி பிரிகிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

முதலில் அவர் இடத்தில் ஒரு பொய்யனை நிறுத்தினோம். செய்தித் தளத்தைக் கேட்டால் பிழையான முகவரி கொடு என்று. கீர்த்தனன் ஓட்டிப் பார்த்தார்.

"பொருந்தேல்லை. உங்கடை பொய்யன் ஒவ்வொரு நாளும் அதே தளத்துக்குத்தான் பொய் சொல்லுறான். அங்கை நாளுக்கு நாள் தளம் மாறுது. ஒருநாள் செய்தி, ஒருநாள் கிரிக்கெற், ஒருநாள் சாறிக் கடை."

"சாறிக் கடையை ஆர் மறிக்கிறது?" என்றேன்.

"பெண்சாதிமார் உள்ளவை மறிப்பினம் அண்ணை," என்றார் கீர்த்தனன். மதுரா சிரிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்ததாக நோய் பிடித்த வலையைக் கட்டினோம். அந்தக் கரையில் உப்புக்காற்று கம்பியைத் தின்னும். இணைப்பு விழும், எழும்பும். அதுவும் பொருந்தவில்லை. நோய் பிடித்த வலை பதில் சொல்லாமல் இருக்கும், பிழையான பதிலைச் சொல்லாது. இங்கே சொல்லப்பட்ட பதில் பிழை. சொல்லப்பட்ட முகவரி அவருடைய சொந்தக் கணினி ஒன்றினுடையது. அங்கே ஏதோ ஒரு பக்கம் இருக்கிறது, நமக்கு வர வேண்டிய பக்கம் அல்ல. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? தெரியாது. அந்த நாளில் எங்கள் மென்பொருள் பக்கத்தின் நீளத்தை மட்டும்தான் குறித்து வைத்தது. பிறர் வீட்டுக்குள் வந்த எழுத்தை நாம் சேமிக்கக் கூடாது என்ற கொள்கை. நல்ல கொள்கைதான், அன்றைக்குக் கையைக் கட்டியது.

வெறுந்தேத்தண்ணி வந்தது. மதுராவின் கோப்பை தொடாமலே ஆறியது. நேரமும் போய்க்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு மறிப்பு என்றால் புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. சைக்கிளில் போய் இராணுவக் காவலரணில், எங்கள் பேச்சில் சென்றியில், மறிபட்டு, இறங்கி, உருட்டி, பையைத் திறந்து காட்டி வளர்ந்த ஆள் நான். மறிக்கிறவனின் குணம் எனக்குத் தெரியும்.

"பிள்ளை, ஒரு நாளைக்கு எத்தினை தளம் சிவப்பு?"

"ஒண்டுதான் மாமா."

"எத்தினையாவதாய்ச் சோதிச்ச தளம்?"

அவள் முடிவுகளைத் தளத்தின் பெயர்படி அடுக்கி வைத்திருந்தாள். எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தோம். எங்கள் கருவி ஒவ்வொரு நாளும் தளங்களின் வரிசையைக் குலுக்கிப் போடும். அதனால் இந்தக் கேள்வி ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் நேரப்படி மாற்றி அடுக்கினாள். பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"முதலாவது," என்றாள். "எல்லா நாளும் முதலாவது. அதுக்குப் பிறகு அந்த நாள் முழுக்க எல்லாம் திறக்குது."

"சென்றியிலை நிண்டவன் காலமை போகேக்கை மறிச்சால், பின்னேரம் வரேக்கையும் மறிப்பான். ஒருக்கா மறிச்சுப்போட்டு நாள் முழுக்கப் போ எண்டு விடுறவன் சென்றிக்காரன் இல்லையடி பிள்ளை."

"அப்ப ஆர்?"

"அது தெரியேல்லை. சென்றிக்காரன் இல்லை, அவ்வளவுதான் தெரியும்."

மூன்றாவதாக ஒருவனை நிறுத்தினோம். பொய்யனும் இல்லை, வெட்டுவானும் இல்லை. ஒவ்வொரு வீட்டின் அன்றைய முதற்கேள்விக்கு மட்டும் தன் முகவரியைச் சொல்வான். அதன் பின் எதைக் கேட்டாலும் உண்மை சொல்வான். கீர்த்தனன் ஓட்டினார். எங்கள் மென்பொருள் அவனையும் கண்டு 'மறிப்பு, மறிப்பு' என்று கத்தியது. ஒவ்வொரு வரியும் தொண்டைமானாற்றோடு பொருந்தியது.

நான் மேசையில் தட்டினேன். "முடிஞ்சுது! பிழை எங்கடை சாமானிலை. அந்த வரியைத் தூக்கி எறியுங்கோ தம்பி."

கீர்த்தனனும் அழிக்கக் கை வைத்துவிட்டார். அப்போது மதுரா சொன்னாள்:

"அழிக்காதையுங்கோ."

"உன்ரை அப்பரை நீயே மாட்டி விடப்போறியோ?" எனக்குக் கோபம் வந்தது.

"மாமா, முகவரி கேட்ட ஆளுக்கு வேறை முகவரி குடுத்திருக்கு. அது நடந்தது. நடந்ததை எழுத வேணும். மறிச்சதெண்டு எழுதக் கூடாது, அது நடக்கேல்லை. வேறை ஆரின்ரையும் எண்டால் நீங்கள் அழிக்கச் சொல்லுவியளோ?"

நான் வாயை மூடினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

புதிதாக ஒரு வகை எழுதினோம்: 'முதற்கேள்விக்குப் பதில் மாற்றப்படுகிறது, காரணம் தெரியாது, மறிப்பு என்று சொல்ல ஆதாரம் இல்லை.' அடியில் மதுரா தன் கையால் இன்னும் ஒரு வரி சேர்த்தாள்: இந்தச் சோதனை வலையைக் கட்டியவர்களில் ஒருவர் அந்தச் சேவை உரிமையாளரின் மகள், முடிவை வாசித்தது வேறொருவர். அது தேவையில்லை என்று கீர்த்தனன் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அனுப்பினோம். வெளிநாட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார்கள். மற்றவர்களுடைய அளவுகளிலும் இப்படி முதலாவது மட்டும் சிவப்பாக இருக்கிறதா என்று தேடப்போகிறோம் என்று எழுதினார்கள். அதன் பிறகுதான் அவள் போனை நிமிர்த்தினாள். நானும் கேட்கவென்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன பிள்ளை, சாப்பிட்டியோ?"

"அப்பா, காலமையிலை சனம் நெற்றுக்குள்ளை வந்தவுடனை முதலாவதாய் என்னத்தைக் காட்டுறியள்?"

அவள் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"காத்துத்தான்," என்றார்.

"என்ன காத்து?"

"காத்தெண்டால் காத்து. இண்டைக்கு வாடை, கடல் முறுகும், பாத்துப் போங்கோ எண்டு எழுதி விடுறன். விடிய எழும்பிப் போய்க் கரையிலை நிண்டு பாத்திட்டு வந்துதான் எழுதிறனான். பக்கத்து வீட்டுப் பெடியள் ரண்டு பேர் வள்ளம் கவிண்டு வெறும் மண்ணெண்ணெய்க் கானைப் பிடிச்சுக்கொண்டு மிதந்து வந்தவங்களெல்லோ? ஆர் இப்ப றேடியோ கேக்கினம்? எழும்பினவுடனை எல்லாரும் போனைத்தான் பாக்கினம். பாக்கிறது பாக்கிறியள், முதல் காத்தைப் பாருங்கோ எண்டு வைச்சனான்."

மதுரா ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும்தான்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ உதெல்லாம் பெரிசாய்ச் செய்யிற பிள்ளை. அப்பான்ரை விசர் வேலையைப் பாத்துச் சிரிப்பாய் எண்டு…"

"அப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் மாறியது. "அதை நிப்பாட்ட வேணும்."

"காத்தையோ?"

"காத்தை இல்லை. மறிச்சு நிண்டு சொல்லுறதை."

"நான் எங்கை மறிச்சனான்? சொல்லிப்போட்டு விடுறன்தானே!"

"ஒருதரையும் கேக்காமல் சொல்லுறியள். ஆஸ்பத்திரிக்கு வழி கேட்ட ஆளையும் பிடிச்சு நிப்பாட்டிக் கடலைக் காட்டுறியள். இண்டைக்கு அதிலை காத்து. நாளைக்கு ஆரும் வந்து, உந்த வாசலிலை எங்கடை பலகையையும் வை எண்டால் என்ன செய்வியள்? வாசலை நீங்கள் கட்டி வைச்சிருக்கிறியளே."

"சரி, போனை வை," என்றார். போன் நின்றது.

அன்று பஸ்ஸுக்குப் போகும்போது மதுரா என்னைப் பார்த்து, "கொஞ்சம் மெல்லமாய்ச் சொல்லியிருக்கலாம், என்ன மாமா?" என்றாள். இதைவிட மெதுவாகச் சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு விளங்கியிராது என்று நான் சொன்னேன். அது உண்மை. ஆனாலும் அவளுக்கு ஆறவில்லை.

அடுத்த நாள் எனக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"டேய், உன்ரை மருமேள் என்னைச் சென்றிக்காரன் ஆக்கிப்போட்டாளடா."

"நிப்பாட்டிட்டியோ?"

"நிப்பாட்டிட்டன். காலமை தொடக்கம் போன் வைக்க விடுறாங்கள் இல்லை. 'அண்ணை, நெற் வருது, காத்து வரேல்லை' எண்டு ஊர் முழுக்க அடம்பிடிச்சுக்கொண்டு நிக்குது."

"பிறகென்ன, கேக்கிறவைக்கு அனுப்பு. வேண்டாமெண்டவையை விடு."

"அதைத்தான் செய்யப்போறன். எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம்," என்று வைத்துவிட்டார். ஏணியில் நின்ற காலத்திலும் அப்படித்தான்.

ஏலாத முழங்காலோடு வீடு வீடாகப் போயிருக்கிறார். வாசற்படலையில் நின்று, "காத்து வேணுமோ?" என்று கேட்டிருக்கிறார். வேண்டுமென்றவர்களின் போனுக்குத் தனியே செய்தி போகும்படி ஒழுங்கு செய்தார். எங்கள் கருவியை வைத்திருந்த ஆசிரியர் மட்டும், "நான் கடலுக்குப் போறதில்லை, எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். மதுராவின் தகப்பனுக்கு முகம் விழுந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனாலும் அந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒரு நாளும் அனுப்பவில்லை. நாம் உலகம் முழுக்க அளந்து திரிகிற சங்கதி அந்தப் படலையடியில்தான் இருக்கிறது. ஒருவர் வேண்டாம் என்கிறார், மற்றவர் மனம் நொந்தபடி சரி என்கிறார்.

அந்தக் கிழமை முழுக்க மதுராவுக்குத் தகப்பனிடமிருந்து அழைப்பு வரவில்லை. இவளும் எடுக்கவில்லை. கருவி அனுப்பிய முடிவுகளில் முதலாவது தளமும் பச்சையாக வந்துகொண்டிருந்தது. அதை அவள் நாள்தோறும் காலையில் பார்த்துவிட்டு மூடுவாள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அவளுடைய போன் அடித்தது. கையில் சோறு என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஊரெல்லாம் கேட்டு முடிஞ்சுது," என்றார் தகப்பன். சாப்பிட்டியோ என்று கேட்கவில்லை. "இனி ஒரு ஆள்தான் மிச்சம்."

"ஆர் அப்பா?"

"கேக்காமல் அனுப்பக் கூடாதெண்டு நீதானே சொன்னனி. அதுதான் கேக்கிறன். நீ உங்கை ரவுணுக்குள்ளை இருக்கிறாய், கடலும் இல்லை ஒண்டும் இல்லை. வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லு, நான் ஒண்டும் நினைக்கமாட்டன். உனக்குக் காத்து வேணுமோ?"

கீர்த்தனன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஓம் அப்பா," என்றாள். "எனக்கும் போடுங்கோ."